நெடுங்கரம்பைச் சாலை உண்டு என்று விடுத்த ஓலை

நலம் ஓங்குக. மலை விலக வழி கண்டவரும், தாம் சுட்டிய திசையெல்லாம் சாலையாகக் கண்டவருமாகிய வேங்கைமண்டலத்துப் பெருவழிகண்ட பெருமானடிகளின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் வேளான் உதாரன், நெடுங்கரம்பை நாடாள்வார் பூவணனார்க்கு விடுப்பது. உம் நாட்டில் மழை பொழிக, ஏரி நிறைக, ஆநிரை பெருகுக. இவற்றில் ஒன்றும் இவ்வாண்டு நிகழவில்லை என்பதை அறிவோம். ஆயினும் வாழ்த்தும் முறையை மாற்ற எமக்கு அதிகாரமில்லை.

நிற்க. இவ்வோலை கொண்டுவரும் அரிஞ்சி நக்கன், அரசவையில் தொங்கும் வழிப்படத்தை வரைபவர். உம் ஊரில் வாழ்க்கைப்பட்ட சாத்தியின் தந்தை. படத்தில் செங்கோடு என்றால் முடிந்த சாலை, கருங்கோடு என்றால் இனிப் போடவேண்டிய சாலை. ஆனால் பெருமானடிகள் அடிக்கல் நாட்டிய சாலையை அன்றே செங்கோடாக்குவது மரபு. அரசர் தொடங்கியது முடியவில்லை என்று வரைய எந்தத் தூரிகைக்கும் துணிவில்லை. அவ்வாறே தலைநகரிலிருந்து உம் ஊர்வரை சதுப்பின் குறுக்கே அரிஞ்சியார் செங்கோடு இழுத்தார். பின்னர் ஒவ்வொரு திருநாளிலும் அச்சாலை மேம்படுத்தப்பட்டது. நிழல்மரம் வரையப்பட்டது, சத்திரம் வரையப்பட்டது, போக்குவரத்து மிகுந்ததாகக் கருதி அகலமாகவும் வரையப்பட்டது. புதிய சாலை வந்தபின் பழையது எதற்கென்று மலையோரத் தடம் படத்திலிருந்து நீக்கப்பட்டது.

உம் ஊரில் பஞ்சம் என்று கேட்டதும் நெல்வண்டிகள் புறப்பட்டன. படத்தில் இல்லாத வழியில் அரசு வண்டி செல்லலாகாது என்பதால் அவை செங்கோட்டு வழியே ஏவப்பட்டன. மகள் ஊருக்குப் போகும் நெல்லாயிற்றே என்று அரிஞ்சியாரும் உடன் சென்றார். சதுப்பின் விளிம்பில் மாடுகள் நின்றுவிட்டன. முன்வண்டிக்காரன் பூதன் படத்தின் நகலை அவரிடமே நீட்டி, “நீங்க இந்தக் கோட்டு மேல நடந்து போங்க சாமி, நான் மாட்டக் கேட்டுக்கிட்டு வர்றேன்” என்றானாம். அரசாணை என்று காவலர் அதட்ட, வண்டிகள் இறங்கின. மாடுகளின் கொம்பு மறைந்த பிறகே காவலர் அதட்டுவதை நிறுத்தினர் என்று கேள்வி.

சேற்றோடு அவைக்குத் திரும்பிய அரிஞ்சியார், மலையோரத் தடத்தை மீண்டும் வரைந்து அதன் வழியே வேறு நெல் அனுப்ப வேண்டினார். ஒரே ஊருக்கு இரு வழி வரைந்தால் முதல்வழி போதவில்லை என்று பொருள்படும் என அவையோர் மறுத்தனர். அவர் படத்தருகே சென்று, “கோடு போட்டது இந்தக் கைதான். இதாலேயே அழிச்சிடுறேன். அப்புறம் கைய எடுத்துக்குங்க, எம் பொண்ணு அங்க பட்டினி கிடக்குறா” என்றார். அவையில் இருந்தோர் அனைவருக்கும் அது கேட்டது. எமக்கும் கேட்டது. நாம் எழுத்தாணியைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தோம்.

பெருமானடிகள் கருணையோடு தீர்ப்பளித்தனர்: கை இருக்கட்டும், கோடும் இருக்கட்டும். பெருவழியில் சென்ற நெல் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே மறுமுறை நெல் இல்லை. சாலையில் ஐயம் கொண்டவர் அச்சாலை வழியே சென்று ஐயம் தீர்க.

எனவே ஆணை: இவ்வோலை கண்டதும், நெல் பெற்றோம், சாலை நன்று என்று எழுதி ஊரார் கைச்சாத்தோடு அனுப்புக. ஓலை உம் கை சேருமாயின் சாலை உண்டென்பதற்கு அதுவே சான்று. சேராதாயின், சாலை இல்லை என்னும் முறையீடும் அவ்வழியே வரவேண்டியிருப்பதால், இங்கே குறையொன்றும் பதியப்படாது.

இதை எழுதி முடிக்கும்வரை அரிஞ்சியார் வாயிலில் காத்திருக்கிறார். மகளுக்கென்று ஒரு முடிச்சு அரிசி வைத்திருக்கிறார். இடுப்பில் கட்டாமல் தலையில் கட்டியிருக்கிறார்.

வேங்கை இலச்சினை இட்டோம். பெருவழி வாழ்க.