பன்னிரண்டு மேசைகள்

மார்ச் 4, திங்கள்

டீக்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் இன்று காலை தன் மேசைகள் பன்னிரண்டையும் சூப் கடை முன்னால் நகர்த்திவிட்டாள். என் மீன் கடைக்கு முன்னால் வெறும் தரை.

இந்தச் சாப்பாட்டுக் கடைத் திடலில் வழக்கம் இதுதான். டீக்கடைதான் மேசை போடும், துடைக்கும். சாப்பாடு விற்கிறவர்கள் தண்ணீரோ டீயோ விற்கக் கூடாது. நான் தண்ணீர் பாட்டில் வைத்தேன். வைத்தேன்தான். வறுத்த மீன் தின்றவன் தொண்டை எரியக் கத்துகிறான், இவள் கடையிலிருந்து தண்ணீர் வர கால் மணி ஆகிறது!

"ஏன்டி இப்படிப் பண்றே?" என்று கேட்டேன்.

"மேசைக்கும் காலு இருக்கு அண்ணி. நடந்திருக்கும்."

மார்ச் 5, செவ்வாய்

ஜனம் முதலில் இடம் பிடிக்கிறது, அப்புறம்தான் பசியைக் கேட்கிறது. என் மீனுக்காக வருகிறார்கள் என்று பதினாறு வருஷமாக நினைத்திருந்தேன். பாதி மீன் மிச்சம்.

அவரிடம் சொன்னேன். "அவ என் தங்கச்சி, நீ என் பெண்டாட்டி. எனக்கு மீனை மட்டும் வை" என்றார். நல்ல மனுஷன்!

மார்ச் 7, வியாழன்

ஆறு பிளாஸ்டிக் மேசை வாங்கிப் போட்டேன். வெள்ளை நிறம். அவள் பார்க்கட்டும் என்றே நடுவில் போட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

புத்திகெட்ட வேலை. மேசை போட்டேனே, துடைக்க ஆள் போட்டேனா? வறுப்பதா, எச்சில் தட்டு எடுப்பதா? டீயும் என் மேசைக்கு வராது.

மதியம், தினமும் வருகிற பஸ் டிரைவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்குப் போனார். "அந்தக் கடைத் தட்டு இங்க வைக்கக் கூடாது" என்றாள். திரும்பி வந்தார், என் மேசையில் காக்கை. நடு வெயிலில் தட்டும் கையுமாக நின்று, "ஒரு மனுஷன் சோறு திங்கறதுக்கு ரெண்டு பொம்பளைங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று கத்தினார். தட்டை அப்படியே என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவமானம். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

மார்ச் 9, சனி

டிரைவர் வரவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சூப்காரன் டீ பாய்லர் வாங்கிவிட்டான். மேசையெல்லாம் அவன் வாசலில்தானே! உட்கார்ந்தவனுக்கு அவனே சூப், அவனே டீ. துடைப்பது மட்டும் நாத்தனார். அவள் அவனுக்காக ஓசியில் துடைத்துக்கொண்டு அலைவதைப் பார்க்க இனிப்பாகத்தான் இருந்தது. பொய் எதற்கு?

ஆனால் யோசித்தேன். இன்றைக்கு டீ போட்டவன் நாளைக்கு மீன் வறுக்க மாட்டானா?

மார்ச் 13, புதன்

காலை அவளே வந்தாள். அண்ணி என்று கூப்பிடவில்லை.

"உங்ககிட்ட வரணும்னு எனக்கு ஆசையில்ல."

"எனக்கும் வரவேற்க ஆசையில்ல. உட்காரு."

"எந்த மேசையில?"

"வெள்ளை. துடைச்சுட்டு உட்காரு."

துடைத்தாள். அதில்கூட ஒரு திமிர்.

மார்ச் 14, வியாழன்

பேசி முடித்தது இது. தண்ணீர் பாட்டில் இனி என் கடையில் இல்லை. என் ஆறு வெள்ளை மேசையும் அவளுக்கே. மொத்தம் பதினெட்டையும் அவளே துடைப்பாள். அதில் ஒன்பது என் முன்னால், ஒன்பது அவள் முன்னால். சூப் கடை முன்னால் ஒன்றுகூடக் கிடையாது. மீன் தட்டைப் பார்த்ததும், கேட்காமலே தண்ணீர் வரும். கடைப் பேச்சு கடையோடு. அவள் என் வீட்டு வாசல் மிதிக்க மாட்டாள், நான் அவள் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்.