காசிராஜனுக்குச் சொன்ன ஆழங்கள்

ஆகஸ்ட் 19, காலை 8:40. ஆழம் 870 மீட்டர்
எழுதுவது ஜெனோவா மச்சாது. இரண்டாம் ஆய்வு நீர்மூழ்கி. ஆர்க்டிக் கடல்தரை வரைபடப் பணி. சோனார் சரியாக இயங்குகிறது. ஒலி போகிறது, எதிரொலி திரும்புகிறது, தரை திரையில் கோடு கோடாக விரிகிறது. இடப்பக்கம் சரிவை ஒட்டி முதல் நீர்மூழ்கியில் காசிராஜன் வருகிறான். ஆளுக்கொரு கலம். கோவில்பட்டிக்காரன், கல்லூரிக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தவன். சரிவில் வாயு கசியும் குழிகள் தெரிவதாகவும், கிட்டே போய்ப் பார்ப்பதாகவும் சொன்னான். சரி என்றேன்.

காலை 9:55
சரிவு இடிந்துவிட்டது. கலங்கல் அடங்கியபோது காசியின் கலத்தில் வால்பக்கம் மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் சேற்றுக்குள். நீரடித் தொலைபேசியில் கூப்பிட்டேன். காயமில்லை. ஆனால் கலம் அசையவில்லை.

கப்பலுக்குத் தகவல் சொன்னேன். காற்று திரும்பிவிட்டதாம். நாங்கள் இறங்கிய பனித்திறப்பு மூடிக்கொண்டு வருகிறது, மதியம் ஒரு மணிக்கு மேல் கப்பல் நிற்க முடியாது என்றார் கேப்டன். என்னை உடனே ஏறச் சொன்னார். காசியும் அதையேதான் சொன்னான்.

“நீங்க கெளம்புங்கக்கா. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா என்ன பிரயோசனம்?”

பேட்டரியை மிச்சம் பிடி, பேசாதே என்றேன்.

காலை 11:35
நடந்ததை எழுதிவிடுகிறேன். என் கலத்தின் பின்பக்கத்தை அவன் பக்கம் திருப்பி, விசிறியை முழு வேகத்தில் ஓட்டினேன். தண்ணீர் பீறிட்டுச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. கடைசியில் அவன் கலம் குலுங்கி மேலே எழும்பியது. அவன் சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன்.

அப்போதுதான் சரிவு மறுபடி இடிந்தது. இந்த முறை என் மேல்.

எடைக்கட்டைக் கழற்றிவிட்டேன். கலம் எழவில்லை. விசிறி சுற்றவில்லை. கப்பலிடமிருந்து சத்தமே இல்லை. காசியின் குரல் மட்டும் கேட்கிறது. கலங்கலில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்கிறான். அவனிடம் இருக்கும் மின்சாரம் மேலே போய்ச் சேர மட்டுமே போதும்.

“ஒனக்குப் பின்னாலதான் வாரேன். நீ நிக்காம போ.”

“ஆழத்தைச் சொல்லிக்கிட்டே வாங்கக்கா.”

எண்ணூறு என்றேன்.

மதியம் 12:20
அறுநூற்றைம்பது. ஐந்நூறு. ஆழம் அளப்பதுதான் என் தொழில். ஒரு மீட்டர் சந்தேகம் வந்தாலும் திரும்பிப் போய் அளந்தவள். இப்போது வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். நிஜமாக ஏறினால் எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு இடைவெளி விட்டுச் சொல்கிறேன். குளிரில் பல் தந்தியடிக்கிறது. அது குரலில் தெரியக்கூடாது.

பயமாக இருக்கிறது. இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் அவனைக் குறை சொல்லாதீர்கள். அவனுக்குத் தெரியாது.

12:48
திறப்புக்கு வந்துவிட்டான். கப்பலின் அடிப்பாகம் தெரிகிறதாம். கொக்கி மாட்ட ஆள் இறங்குகிறார்களாம். இருநூறு என்றேன்.

பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, சோனாரைக் கீழ திருப்பிப் பாக்கேன். எனக்குக் கீழ யாருமே இல்லையே.”

பனியில் எதிரொலி சிதறும், அதை நம்பாதே, முதலில் கொக்கியை மாட்டு என்றேன்.

“நெசமா எங்க இருக்கீங்க?”

12:53
நூற்றைம்பது என்றேன். கொக்கி மாட்டியாச்சா என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். அழுகிறான். நூறு என்றேன். விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. அவனுடையதுதான். மேலே போகிறானா, கீழே வருகிறானா, தெரியவில்லை.

ஐம்பது காசி. வந்துட்டேன். ஐம்பது. நீ ஏறிக்கோ. ஐம்