நாற்பது நிமிஷம் முந்திய டைம்பீஸ்

28-1-1971, வியாழன்

அப்பா இன்றும் அதையே சொன்னார். "சங்கரன் நல்ல பையன்தான். ஆனா ஜாதகம் சேரலையேம்மா. உனக்குச் செவ்வாய் தோஷம், அவனுக்கு இல்லை." அதாவது, என்னைக் கட்டிக்கொண்டால் அவர் உயிருக்கு ஆபத்து. இதை நான் நம்புகிறேனா? நம்புகிறேன். அதுதான் சங்கடம். ஆபீசில் அவர் இருக்கும் டிராயிங் செக்‌ஷன் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

3-2-1971, புதன்

பக்கத்து மேஜை சரோஜாதேவி டைப் அடித்துக்கொண்டே சொல்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணமாம்! மாப்பிள்ளை எங்கள் ஒர்க்‌ஷாப் கனகராஜ். அது கிண்டி முழுக்கத் தெரிந்த கதை. புரோகிதர் கிடையாது, மண்டபம் கிடையாது. அடையாற்றில் கனகராஜின் அண்ணன் வீட்டு மொட்டை மாடி. நேரம்? "வெயில் தாழ்ந்ததும். நாலே முக்கால்னு வெச்சுக்கோயேன்."

ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம்! சொன்னால் சிரிப்பாள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

6-2-1971, சனி

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம். நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லப்போகிறேன். அதையும் கடிகாரம் சொல்லிவிடும்.

7-2-1971, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். யாரும் பார்க்காதபோது கூடத்து டைம்பீஸை நாற்பது நிமிஷம் முன்னால் தள்ளி, மாடியில் கொண்டுபோய் வைத்தேன். "இந்நேரத்துக்கு இப்படியா வெயில்!" என்றார்கள். வாட்ச் கட்டியிருந்த இரண்டு பேருக்கும் தங்கள் வாட்ச் மேல்தான் சந்தேகம். எல்லாம் தயார். மாலை மட்டும் வரவில்லை. அதை மயிலாப்பூரிலிருந்து வாங்கிவர வேண்டியவர் சங்கரன்.

டைம்பீஸ் ஐந்து பத்து காட்டும்போது சைக்கிளில் வந்து இறங்கினார். ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். பாவம், வேர்க்க விறுவிறுக்கக் கைக்கடிகாரத்தை நீட்டினார். "நாலரைக்கு வரச் சொன்னேள். நாலரைதானே ஆறது?"

எல்லாரும் டைம்பீஸைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

சொல்லித் தொலைத்தேன். அழுகை வேறு. "ராகு காலம்டி, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா—"

சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "இன்னா விசாலம், எனக்கோசரம் கடிகாரத்தையே திருப்பிட்டியா? இத்தவிட நல்ல நேரம் இன்னாடி வேணும் எனக்கு?" கனகராஜ் முள்ளைத் திருப்பிச் சரியான இடத்தில் வைத்தார். "இன்னும் கால் மணி இருக்கு. வெயில் தாழட்டும்."

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவேன்? இருவரும் எழுந்து நின்றார்கள். சரோஜா கனகராஜைப் பார்த்துத் திரும்பினாள். பிறகு, "கனகராஜை என் புருஷனா ஏத்துக்கறேன்" என்றாள். தன் பாஷையில், தன் வாயால். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கல்யாணப்பெண் பேசி நான் கேட்டதே இல்லை. கனகராஜும் அப்படியே சொன்னார். மேளம் இல்லையே என்று தாலி கட்டும்போது எல்லாரும் கை தட்டினார்கள். தலை குனிந்தபடியே சரோஜாவும் தட்டினாள். தன் கல்யாணத்துக்குத் தானே கை தட்டுகிறவளை இன்றுதான் பார்த்தேன். அம்மாடி! இவ்வளவு சந்தோஷத்துக்குள் ராகு எந்த வழியாக நுழைவான்?

எதிரே சங்கரன் நின்றிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

15-2-1971, திங்கள்

ஒர்க்‌ஷாப்பை எட்டிப் பார்த்தேன். கனகராஜ் குத்துக்கல் மாதிரி நிற்கிறார். ஒரு தும்மல்கூட இல்லை.

18-4-1971, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லியேவிட்டேன். "ஜாதகத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ. நான் சங்கரனைத்தான் பண்ணிக்கப்போறேன்." வெகுநேரம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கடைசியில், "அவாத்துல ஒத்துக்கணுமே" என்றார். கூடாது என்று சொல்லவில்லை!

சாயங்காலம் மயிலாப்பூர்க் குளக்கரையில் சங்கரனைப் பார்த்துச் சொன்னேன். "பயம் போயிடுத்தா?" என்றார்.

"போகலை. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போறது."

சிரித்தார். எந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்.

"வெயில் தாழ்ந்ததும்" என்றேன்.