அந்தச் சின்ன ஸ்பிரிங்

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. மழை வந்தால் உன் கால் இன்னும் வலிக்கிறது என்று அக்கா சொன்னாள்.

நான் மரம் அறுக்கும் பழைய சங்கிலி ரம்ப மெஷின்களை வாங்கிப் பழுதுபார்ப்பதை இன்னும் விடவில்லை. ஷெட்டில் பத்தொன்பது நிற்கின்றன. “இன்னும் ஒண்ணு வந்தா நான் வாசல்லதான் படுக்கணும்” என்கிறாள் உன் அண்ணி. எனக்குச் சிரிப்புகூட வருவதில்லை. கை வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் காயலான் கடையில் ஒன்று கிடைத்தது. உனக்குக் கொடுத்த அதே ரகம். பிரித்துப் பார்த்தேன். சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் பிரேக்கில் ஒரு சின்ன ஸ்பிரிங், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் மெஷினில் அது உடைந்திருந்தது. மாற்று ஸ்பிரிங் எங்கும் கிடைக்கவில்லை. அது இல்லாமலே மூடி, “தைரியமா எடுத்துட்டுப் போடா, புதுசு மாதிரி ஓடும்” என்று உன்னிடம் நீட்டியது நான்தான்.

சங்கிலி நிற்காமல் உன் காலில் பாய்ந்த அன்று, ஆஸ்பத்திரியில் உன் மனைவி அழுதபோது, “அவனுக்கு எப்பவுமே அவசரம்மா, கவனமே கிடையாது” என்றேன். நீ கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். அதன் பிறகு என்னோடு நீ பேசவில்லை.

ஆறு வருஷமாக எல்லோரும் நான் சொன்னதையே சொல்கிறார்கள். “அப்பா கவனமில்லாம அறுத்துட்டாரு” என்று உன் மகளும் அக்காவிடம் சொன்னாளாம். அதற்குமேல் என்னால் சுமக்க முடியவில்லை.

மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. இதை மடித்து உள்ளே வைத்துவிடாதே. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, உரக்கப் படித்துக் காட்டு.

உன் அண்ணன்