சகலைக்கு ஜாமீன்

ஜார்ஜியா, கோரி ஊர் அருகே,
14 ஏப்ரல் 2015

அன்புள்ள சியாலா அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு நிதானம் இல்லை. என் வீட்டுக்காரர் ஸாஸாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நேற்று ஈஸ்டர் திங்கள். தன் அப்பா கல்லறைக்கு வழக்கம்போல் சிவப்பு முட்டையும் ஒயினும் கொண்டுபோயே தீருவேன் என்று நின்றார். போன வருடம் வரை எங்கள் பக்கம் இருந்த கல்லறைத் தோட்டம், இப்போது ரஷ்யர்கள் போட்ட கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், உங்கள் பக்கம். "எங்கப்பன் செத்தப்ப இங்க வேலியே இல்லடி, அவருக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தபடி கம்பிக்கு அடியில் குனிந்து போனார். விறகு பிளக்கச் சொன்னால் மட்டும் இடுப்பு வலிக்கும்! முட்டையைக் கல்லறைமேல் உருட்டிக்கொண்டிருந்தபோதே மூன்று சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

அவருக்கு இதயம் சரியில்லை, மாத்திரையும் இங்கேயே இருக்கிறது. கஸ்பி அத்தான் அந்தப் பக்கத்து ஒசேத்தியர், அந்தச் சிப்பாய்களின் முகாமுக்கே ரொட்டி கொண்டுபோகிறவர். அவர் சொன்னால் கேட்பார்கள். போனில் பேசப் பயமாக இருக்கிறது. வேலி தாண்ட அனுமதிச் சீட்டு உள்ள மாக்வாலாவிடம் மாத்திரையும் இந்தக் கடிதமும் அனுப்புகிறேன். மாத்திரை கொடுக்கும் நேரம் பின்பக்கம் இருக்கிறது.

உன் தங்கை,
நாதேலா


16 ஏப்ரல்

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதத்தை அடுப்பில் போடுங்கள் என்றேன். மாத்திரை நேரம் அதில்தானே இருக்கிறது என்று உன் அத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். "நீங்க ஜாமீன் நின்னா உங்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவாங்க" என்று அழுதேன். "ஒரே மேசையில குடிச்ச சகலை. யாருன்னே தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?" என்று என்னிடமே பாய்ந்தார்.

காலையில் போனவர் இன்னும் வரவில்லை. கார் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

அக்கா,
சியாலா


18 ஏப்ரல்

அன்பு அக்கா,

ஸாஸா வீட்டுக்கு வந்துவிட்டார்! ஆனால் முகாமில் அவர் பார்த்ததைக் கேள். அத்தானைப் பெல்ட்டைக் கழற்றிக் கைதிபோல் நடைவழியில் உட்காரவைத்திருந்தார்களாம். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். எதற்காக, அக்கா? கடிதம் சிக்கிவிட்டதா? அது என்னுடையது என்று நானே வந்து சொல்லட்டுமா? உடனே பதில் போடு.

நாதேலா


2 மே

நாதேலாவுக்கு,

வராதே. சட்டைப்பையில் இருந்த உன் கடிதத்தை வரிவரியாக மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு அவரைக் கேட்டிருக்கிறார்கள். "நீ சொன்னா நாங்க கேப்போம்னு ஒரு ஜார்ஜியாக்காரி எழுதுறா. இன்னும் என்னென்ன செஞ்சு குடுத்த அவங்களுக்கு?" உளவாளி என்று எழுதியிருந்தால் எத்தனை வருடம் உள்ளே இருந்திருப்பாரோ.

நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் ரஷ்ய மொழியில் ஒரு தாள். வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை, கடிதம் எழுதியவள் யாரென்று தெரியாது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் அவரை விட்டுவிடுவோம் என்றார்கள். போட்டேன். பிறகு சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். மறுபடியும் வாசித்தேன்.

அவர் வந்துவிட்டார். சாப்பிடுகிறார், ஆனால் என்னிடம் பேசுவதில்லை.

உன்மேல் கோபம் இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். இனி எழுதாதே. வேலி ஓரம் வந்து நின்று கூப்பிடவும் செய்யாதே, நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். இந்தக் கடிதம் யாருக்கு என்று வழியில் யாராவது கேட்டால், தெரிந்தவள் ஒருத்திக்கு என்று சொல்லும்படி மாக்வாலாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சியாலா