வரிசையில் வந்த மருந்து

மாமா,

இன்று காலை குடிகாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. இருபத்தாறு வருஷமாக அந்த ரசாயனப் பேட்டையில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் நான். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்த நாற்றம் வரும் என்பது எனக்கு மனப்பாடம். மூக்கு மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று குமட்டிக்கொண்டு வந்து, கேட்டுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன். காவலாளி தண்ணீர் கொடுத்து, என்ன சாப்பிட்டீங்க சார் என்று விசாரித்தார். சாப்பாட்டில் ஒன்றும் இல்லை. நீங்கள் துப்பாக்கிக் குழாயைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவும்போது வருமே, அதே நாற்றம்.

காடாம்புலியூரில் உங்கள் முந்திரித் தோப்புக்கும் பலாவுக்கும் பன்றித் தொல்லை. அதற்காக லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி உங்களுடையது. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய வகை. சின்னச் சின்ன ரவைகளுக்குப் பன்றி அசையாது என்று நீங்களே கனமான ஈயக் குண்டு வார்ப்பீர்கள். அதற்கு முதுநகர் துறைமுகத்தில் கழித்துப்போட்ட மீன்வலைகளின் ஈயத்தை நான் பையில் கட்டிக்கொண்டு வந்து தருவேன். அந்த வேலையில் எனக்கு இருந்த யோக்கியதை அவ்வளவுதான். அதோடு நின்றிருக்க வேண்டும்.

மருந்து வாங்குவதில் உங்களைப் போலப் படுத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை. கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் உருட்டுவீர்கள். ரேகையில் தூள் ஒட்டினால் வேண்டாம் என்று திருப்பிவிடுவீர்கள். கேழ்வரகு மாதிரி தனித்தனியாக உருள வேண்டும். நான் ஒருமுறை கேலி செய்தபோது சொன்னீர்கள்: “கனமான குண்டு மெதுவாத்தான் நவுரும் மச்சான். மருந்தும் பொறுமையா எரியணும். பொடி மருந்து அவசரப்படும். குண்டு நவுர்றதுக்குள்ள அது எரிஞ்சி முடிஞ்சா, அடி வாங்கறது கொழாய்தான்.”

நான் சிரித்தேன். சிதம்பரத்தில் மூன்று வருஷம் வேதியியல் படித்தவன் இல்லையா. பொடி என்றால் சீக்கிரம் எரியும், சீக்கிரம் எரிந்தால் வேகம் ஜாஸ்தி என்பது என் கணக்கு. நீங்கள் சொன்னதும் அதே வேதியியல்தான், என்னுடையதைவிட ஒரு படி மேலே போனது என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த மண்டை.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பொங்கல் வரிசை கொண்டுவந்தேன். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. தாம்பாளத்தின் நடுவில் ஒரு டப்பா. லைசென்ஸ் இல்லாமல், தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் களவாக வாங்கிய பொடி மருந்து. சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், மாமாவுக்கு இதுதான் வரிசை என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “ஒங்களுக்குன்னு தேடிப் புடிச்சி வாங்கியாந்திருக்கான்” என்றாள். நீங்கள் டப்பாவைத் திறந்தீர்கள். உள்ளங்கையில் உருட்டவில்லை. மூடிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள்.

மாட்டுப் பொங்கலன்று தோப்பில் மண்மேட்டைக் குறிவைத்துச் சுட்டுக் காட்டச் சொல்லி நான்தான் நச்சரித்தேன். வழக்கமான அளவில் பாதிதான் போட்டீர்கள். சத்தம் சுமாராக வந்தது. இரண்டாவது முறையும் பாதிதான். எனக்குப் பொறுக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி, கொசு அடிக்கவா மாமா இந்தத் துப்பாக்கி, நான் கொண்டுவந்ததைப் போடவே கை வரமாட்டேங்குதா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தம்பி கொண்டுவந்ததைப் புருஷன் மட்டமாக நினைக்கிறாரோ என்று அவள் முகம் சுண்டிப்போயிற்று. நீங்கள் அந்த முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு அளவுக் குப்பியை நிறைத்தீர்கள்.

குண்டை இடித்து முடித்ததும் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னீர்கள். என்னிடம் மட்டும் தனியாக, “நீ பலாமரத்துக்குப் பின்னாடி போயி நில்லு மச்சான்” என்றீர்கள். நானும் போய் நின்றேன், எதற்கு என்றுகூடக் கேட்காமல். நீங்கள் சுட்டீர்கள், குழாய் கிழிந்தது.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். குழாய் கிழியும் என்று தெரிந்தேதான் சுட்டீர்கள். வரிசையில் வந்ததை ஓரமாக வைத்தால் பெண்டாட்டிக்குத் தலைகுனிவு என்று இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்த மனுஷன் நீங்கள். செத்தவரிடம் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். உங்கள் மேலும் எனக்கு அருவருப்பு உண்டு. போடா மடையா, இது ஒத்துக்காது என்று அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்திருக்கலாம். அந்த மரியாதை எவனுக்கு வேண்டும்?

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தேன். களவு மருந்து என் கையால் வந்தது என்று தெரிந்தால் என் மேல் வழக்கு, வேலையும் போயிருக்கும். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மருந்து போட்டத மறந்துட்டு மறுக்காவும் போட்டுட்டேன் சார். என் தப்புதான்” என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இப்போது ஞாபகத்துக்கு வந்தாலும் வாயில் கசப்பு ஊறுகிறது.

லைசென்ஸ் போனது. பன்றிகள் இஷ்டத்துக்குத் தோப்பை உழுதன. அதைவிட, உங்கள் பெயர் போனது. டப்பா நான் கொண்டுவந்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இரண்டு தரம் போட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு அந்த மருந்தை யாரும் சந்தேகிக்கவில்லை. முந்திரிக்குப் பூச்சி மருந்து கலக்க அளவு கேட்டு ஊரே உங்களிடம்தான் வரும். அதற்குப் பிறகு ஒருத்தரும் வரவில்லை. ‘டபுள் மருந்து’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீடோ காதுகுத்தோ, நீங்கள் நுழைந்ததும் ஒருவன் கேட்பான், சாம்பாருக்கு உப்பு ஒரு தரம்தான் போட்டாங்களா என்று. நீங்கள் விரல் இல்லாத கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு சிரிப்பீர்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பதினான்கு வருஷம். சீ, என்ன ஜென்மம் நான்.

போன மாதம் மாரடைப்பில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். கருமாதி அன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் ஷாமியானா நிழலில் பேச்சு கிளம்பியது. உங்கள் பெரியப்பா மகன், வாய்க்குப் பூட்டே இல்லாதவர், மறுபடி அந்தக் கதையை எடுத்தார். கம்பியை இடிப்பது போல நடித்துக்கூடக் காட்டினார். உங்கள் படத்துக்கு முன்னால் எள்ளும் தண்ணீரும் காயவில்லை, அதற்குள் சிரிப்பு.

நான் எழுந்தேன். மாமா இரண்டு தரம் போடவில்லை, குழாயைக் கிழித்தது நான் கொண்டுவந்த பொடி மருந்து, பாதி அளவே போட்டவரைக் கேலி பேசி முழுக்கப் போடவைத்ததும் நான், போலீஸில் அவர் சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். காறித் துப்புவார்கள் என்று நின்றேன். துப்பினால் போதும் என்றுதான் இருந்தது.

உங்கள் பெரியப்பா மகன் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “செத்துப்போன மாமனுக்குக் கெட்ட பேரு வேணாம்னு பழிய தன் தலையில போட்டுக்கறான் பாரு. இந்த மாதிரி மச்சான் யாருக்குக் கெடைப்பான்?” என்றார்.

இல்லை, சத்தியமாக நான்தான் என்றேன். அக்காமேல் ஆணையாக என்றேன். சொல்லச் சொல்லப் பெரியவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். அக்காகூட, “அவுரே போயிட்டாரு. நீ எதுக்குடா அசிங்கப்பட்டுக்கற, உக்காரு” என்று என் தோளைத் தடவினாள். அவள்கூட நம்பவில்லை.

உங்கள் பெயரை மீட்டுத் தரலாம் என்று எழுந்தேன் மாமா. அது மீளவில்லை. எனக்குத்தான் புதிதாக ஒரு நல்ல பெயர் கிடைத்தது. காடாம்புலியூரில் இறங்கினால் இப்போது டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.