கரையில் இருந்த கொம்புப்பாசி

வாழவந்தி,
புதன்கிழமை.

அன்பு மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நார்வே குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பாசி எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய் கண்ணு. வாயால் சொல்லப் பயந்துதான் எழுதுகிறேன்.

போன மாதம் பத்து நாள் விடாத மழை. குப்பனூர் ரோட்டோரம், பச்சைக் கொம்பாக முளைவிடும் அந்தக் கொம்புப்பாசியை நீ கண்டுபிடித்த மண்கரை ஒரு பக்கம் சரிந்து, கீழே மாதம்மாள் வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் சேறு வந்துவிட்டது. பேத்தி தீபிகாவைத் தொட்டிலோடு வாரிக்கொண்டு ஓடினாளாம். அப்புறம் தடுப்புச் சுவர் கட்ட ஜேசிபி வந்தது. மூன்று மழைக்காலம் இந்த மலை முழுக்கத் தேடி நீ இரண்டே இடத்தில்தான் இதைப் பார்த்தாய், எஸ்டேட்டுக்குள் இருந்தது போன வருடம் களைக்கொல்லி அடித்ததில் போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதானே என்று கரைக்கு ஓடினேன். ஜேசிபி ஓட்டும் வேலுசாமியிடம் நீ விட்டுப்போன லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். சாயங்காலம் வரை அந்தப் பக்கம் வரமாட்டேன், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். உன்னைப் போனில் மூன்று தடவை கூப்பிட்டேன், நீ காட்டுக்குள் இருந்திருப்பாய், கிடைக்கவில்லை. வன அலுவலகத்தில் சொல்லி வேலையை நிறுத்தலாம் என்றார் அப்பா. நிறுத்திய பிறகு மழை பிடித்துக்கொண்டால்? வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று மாதம்மாளிடமே போய்க் கேட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. "உங்க பொண்ணு பாசிய நான் குத்தம் சொல்லலீங்க. மேகம் கறுத்தாலே எனக்குக் காலு நகர மாட்டேங்குது, நொம்பப் பயமா இருக்குதுங்க" என்றாள். அங்கிருந்து நேரே கத்தியோடு கரைக்குப் போனேன்.

தொடவே கூடாது என்று சொல்லியிருந்தாய். தொட்டுவிட்டேன். வேரில்லாத செடி என்பதால் அடிமண்ணோடு கத்தியால் ஏழு துண்டாகப் பெயர்த்து, நம் வீட்டுக்கு மேலே ஊற்று கசிகிற நிழலில் ஈர மண்ணில் பதித்தேன். மறுநாள் கரையை வெட்டினார்கள். இப்போது சுவர் இடுப்பளவு எழும்பியிருக்கிறது, தீபிகா அதன் ஓரத்தில் தவழ்ந்து விளையாடுகிறாள். ஏழில் ஐந்து துண்டு கறுத்துவிட்டது. இரண்டு பச்சையாக இருக்கிறது, ஆனால் கொம்பு ஒன்றுகூட விடவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். கடைசியாக இருந்ததை உன் அம்மாவே அழித்தாள் என்று ஆகிவிடுமோ என்று சோறு இறங்கவில்லை. மேலே ஓலை போடவா, தண்ணீர் தெளிக்கவா, அப்படியே விடவா, உடனே சொல்.

இதற்காக நீ அங்கே சாப்பிடாமல் கிடக்காதே, கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே இருக்கட்டும். கோபம் வந்தால் கூப்பிட்டுத் திட்டிவிடு சாமி, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
ஜெயமேரி சிங்கராயர்